எத்தனையாவது சொல்? கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் சொல்லிடத் தேடலும் அதன் அலகும்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஒரு சொல் எங்கே நிற்கிறது என்பதை அக்கார்டன்ஸ், லோகோஸ் போன்ற விவிலிய மென்பொருள்கள் நொடியில் காட்டிவிடுகின்றன. ஒரு சொல்லுக்குப் பின் மூன்று சொல்லுக்குள் இன்னொரு சொல் வரும் இடங்களையெல்லாம் கேட்டுப் பெறலாம். இந்த எண்ணிக்கைகள் இலக்கண வாதங்களில் சான்றாக வைக்கப்படுகின்றன. எந்த அலகுக்குள் எண்ணியது என்று சொல்லாத எண்ணிக்கையைச் சான்றாக ஏற்க முடியாது என்பதே என் வாதம்.

மென்பொருளுக்கு எளிதில் கைவரும் அலகு வசனம். புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களோ, 1551இல் ராபர்ட் எஸ்தியேன் வெளியிட்ட பதிப்பிலிருந்து வருபவை. இடம் சுட்ட அவை மிகவும் உதவும். சொல்லொழுங்குக்கு அவற்றோடு தொடர்பில்லை.

‘தே’ என்னும் இடைச்சொல்லைப் பார்ப்போம். அது தொடரின் முதலில் வராது. இயல்பாக இரண்டாம் இடத்தில் நிற்கும். இத்தகைய சிறுசொற்கள் இரண்டாம் இடத்தை நாடுவதை இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் 1892இலேயே மொழியியலாளர் வாக்கர்நாகெல் எடுத்துக்காட்டினார். 1 யோவான் 2:2இல் வசனத் தொடக்கத்திலிருந்து எண்ணினால் ‘தே’ பதின்மூன்றாம் சொல். அது சேர்ந்திருக்கும் தொடர் ‘ஊ’ என்ற எதிர்மறையில் தொடங்குகிறது. அங்கிருந்து எண்ணினால் ஐந்தாம் சொல். பதின்மூன்று என்பது வெறும் வசன எண்ணின் விளைவு. ஐந்து என்பதுதான் ஆராயத்தக்கது: முன்னிடைச்சொல் (preposition), சார்படை (article), அடுத்த சொல் மூன்றும் பிரியாமல் நிற்க, ‘தே’ அவற்றுக்குப் பின்னே போயிருக்கிறது. மத்தேயு 3:1இலோ அதே இடைச்சொல் முன்னிடைச்சொல்லையும் சார்படையையும் பிரித்து நடுவில் நுழைகிறது. இரண்டாம் இடம் என்பது சொற்கணக்கா, சொற்குழுக் கணக்கா என்ற நல்ல கேள்வி, அலகைத் தொடராக மாற்றிய பிறகுதான் எழவே செய்கிறது.

அண்மைத் தேடலிலும் இதே சிக்கல் உண்டு. யோவான் 1:1இல் ‘தெயோஸ்’ (கடவுள்) என்ற சொல்லின் எந்த வடிவமும், அதற்குப் பின் மூன்று சொல்லுக்குள் ‘ஏன்’ (இருந்தது) என்ற வினையும் வரவேண்டும் என்று தேடினால் ஒரே வினைக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று, வினைக்கு நேர்முன் நிற்கும் பெயர்ப் பயனிலை. மற்றது, முந்தைய தொடரை முடிக்கும் இரண்டாம் வேற்றுமைச் சொல். அதற்கும் இந்த வினைக்கும் இலக்கண உறவே இல்லை. வேற்றுமையைக் குறிப்பிட்டுத் தேடினால் இந்தப் பொய்விடை விலகும். ஆனால் எல்லாப் பொய்விடையும் வேற்றுமையில் வேறுபடுவதில்லை.

இந்த வசனத்துக்கும் பொருத்திப் பேசப்படும் ஒரு விதியை அறிஞர் கால்வெல் 1933இல் வகுத்தார்: நிச்சயப் பொருள் கொண்ட பெயர்ப் பயனிலை வினைக்கு முன் வந்தால் பெரும்பாலும் சார்படை பெறாது. அவர் தொடங்கியது நிச்சயப் பொருள் உண்டு என்று தாமே தீர்மானித்த பெயர்களிலிருந்து. மென்பொருள் தருவதோ சார்படையின்றி வினைக்கு முன் நிற்கும் பெயர்கள் அனைத்தும். இந்த இரண்டாம் தொகுதியைத்தான் 1973இல் ஹார்னர் ஆராய்ந்து, அவற்றில் பல தன்மையைச் சுட்டுவன என்றார். தேடல் விடைகளைக் கொண்டு கால்வெல் விதியை மெய்ப்பிப்பவர்கள் தொகுதி மாறிவிட்டதைக் கவனிப்பதில்லை. நிச்சயப் பொருளுக்கு உருபு கிடையாது. எனவே வெறும் உருபனியல் குறிப்புகளைக் கொண்டு அதைத் தேடவும் முடியாது.

அப்படியானால் வாக்கியத்தை அலகாகக் கொள்ளலாமே எனலாம். வசனத்தைவிட அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய கையெழுத்துப் படிகளில் சொற்கள் இடைவெளியின்றி ஓடுகின்றன, நிறுத்தக்குறிகள் அரிது. இன்று நாம் காணும் முற்றுப்புள்ளி பதிப்பாசிரியரின் தீர்ப்பு. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் புரோயெல் போன்ற தொடரியல் தரவுகளிலும் எல்லை வகுப்பது ஒருவரின் வாசிப்பே. ஆயினும் அந்த வாசிப்பு வெளிப்படையாகப் பதிவாகியிருப்பதால் மறுத்துப் பேச முடிகிறது. வசன எண்ணில் அதற்கு இடமில்லை.

யோவான் 1:3-4 இதற்குக் கடினமான சோதனை. ‘ஹோ கெகோனென்’ (உண்டானது) என்ற இரு சொற்கள் மூன்றாம் வசனத்தின் கடைசியில் உள்ளன. பழைய மரபுப் பாடத்தில் முற்றுப்புள்ளி அவற்றுக்குப் பின்னே விழுகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அவ்வழியே செல்கிறது. நெஸ்லே-ஆலந்து 28ஆம் பதிப்பில் (2012) புள்ளி அவற்றுக்கு முன்னே விழ, அதே சொற்கள் புதிய வாக்கியத்தின் தொடக்கமாகின்றன. இந்தப் பிரிப்பைப் பதிப்புக் குழுவில் இருந்த புரூஸ் மெட்ஸ்கரே ஏற்கவில்லை. தம் மாற்றுக் கருத்தைப் பாட விளக்க நூலில் பதிந்துவைத்தார். விளைவு அடுத்த வசனத்திலும் தெரிகிறது. வினைக்கு முன் சார்படையின்றி நிற்கும் ‘ஸோயே’ (ஜீவன்) முதல் பிரிப்பில் எழுவாய். இரண்டாவதில் அதைப் பயனிலையாகக் கொள்ள வழி திறக்கிறது. தேடல் இரண்டிலும் அதே சொல்லைத்தான் காட்டும். கால்வெல், ஹார்னர் பேசிய வகையில் அது சேருமா சேராதா என்பதை எந்தப் பதிப்பு, எந்த அலகு என்ற இரு குறிப்புகளுமின்றி யாரும் சரிபார்க்க முடியாது.