தர்பூசணி என்ன பாவம் பண்ணிச்சு?

போன மாசம் ஒரு பிரியாணி ஓட்டல்ல பார்சலுக்காகச் சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். மாஸ்டர் கோழி வெட்டின கட்டையை ஈரத்துணியால ஒரு துடைப்பு துடைச்சார். அதே கட்டை, அதே கத்தி, அடுத்து வெங்காயம். "என்னண்ணே இது?"ன்னேன். "எல்லாம் வேகத்தானே சார் போகுது"ன்னார்.

இந்த 'வேகத்தானே போகுது'க்கு ஒரு சரித்திரம் இருக்கு மக்களே. அமெரிக்க அரசாங்கமே ஒரு காலத்துல இப்படித்தான் நினைச்சது.

மாட்டுக் குடல்ல ஈ.கோலை ஓ157ன்னு ஒரு கிருமி உண்டு. மாட்டை ஒண்ணும் செய்யாது. சின்னக் குழந்தைக்குள்ள போனா சிறுநீரகத்தையே செயலிழக்க வெச்சிடும். மாட்டை அறுக்கும்போது கறியோட மேல்பக்கம் ஒட்டிக்கும். 1993-ல் சரியா வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு அங்கே நாலு குழந்தைகள் இறந்தாங்க. அதுக்கப்புறம் 1994-ல், இந்தக் கிருமி இருக்கிற கொத்துக்கறி கலப்படப் பொருள், விற்கக்கூடாதுன்னு வேளாண் துறை சொல்லிடுச்சு. ஸ்டீக்குக்குப் போற முழுத்துண்டு கறிக்கு இது கிடையாது. 1999-ல் விளக்கமாவே சொன்னாங்க: முழுத்துண்டுல கிருமி மேலே மட்டும்தான் இருக்கும், அடுப்புல போட்டா செத்துடும்.

தர்க்கம் சரிதான். ஸ்டீக் சாப்பிடறவருக்கு.

2000 ஜூலையில் விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கியில், சிஸ்லர்ங்கிற ஸ்டீக் ஓட்டலுக்கு ஒரு குடும்பம் சாப்பிடப் போச்சு. அந்த வீட்டு மூணு வயசுப் பொண்ணு சாப்பிட்டது தர்பூசணி. கொஞ்ச நாள்ல இறந்து போயிட்டா. அந்த ஓட்டல்ல சாப்பிட்டவங்கள்ல 60 பேருக்கு மேல அதே கிருமி உறுதியாச்சு. பச்சைக் கறியைக் கையாண்ட இடத்துக்குப் பக்கத்துலயே பழமும் நறுக்கியிருக்காங்க. ஓட்டல்ல பிரிக்காம இருந்த கறிப் பொட்டலத்துல இருந்த கிருமியும் நோயாளிகள் உடம்புல இருந்ததும் ஒரே ரகம்.

கறி அடுப்புக்குப் போச்சு, கிருமி செத்துச்சு. தர்பூசணி எந்த அடுப்புக்குப் போகும்? இந்தக் கிருமி நூறுக்கும் குறைவா உள்ளே போனாலே போதும், நோய் வந்துடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி கறிச்சாறே தாராளம்.

வழக்கு வருஷக்கணக்கா நடந்தது. முழுத்துண்டுல கிருமி இருந்தா சட்டப்படி தப்பில்லையேன்னு கறி கம்பெனி வாதாடிச்சு. நம்ம மாஸ்டர் சொன்னதேதான், கோட்டு போட்டுக்கிட்டு! ஜூரி கேக்கலை. கறி கம்பெனி மேல 80 சதவீதம், ஓட்டலை நடத்தினவங்க மேல 20 சதவீதம்னு பொறுப்பைப் பிரிச்சுட்டாங்க. அந்த 20 கம்மின்னு எனக்கு ஒரு எண்ணம். பச்சைக்கறியில கிருமி இருக்கும்னு நினைச்சுத்தானே சமையல்கட்டுல வேலையே பார்க்கணும்? ஆனா கிருமியோட கறியை அனுப்பினவனை விட்டுட்டு, மணிக்கூலிக்கு பழம் நறுக்கினவரை மட்டும் திட்டறதும் நியாயமாப் படலை.

இப்பல்லாம் பெரிய ஓட்டல்கள்ல பச்சைக்கறிக்குச் சிவப்புப் பலகை, காய் பழத்துக்குப் பச்சைப் பலகைன்னு தனித்தனியா வெச்சிருக்காங்க. கலர் பலகை இல்லாட்டியும், பழத்தையும் காயையும் முதல்ல நறுக்கிட்டு அப்புறம் கறியைத் தொட்டா பாதி ஆபத்து போயிடும். காசு செலவில்லாத விஷயம்.

மாஸ்டர் நறுக்கின வெங்காயம் வேகப் போகலைங்க. அது தயிர்ப் பச்சடிக்கு. கோழின்னா ஓ157 இல்லை, சால்மொனெல்லா, வித்தியாசம் அவ்வளவுதான். அதைச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே கட்டை மேல ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி, "இப்ப சரியா சார்?"ன்னார். வெங்காயம் அப்படியே பச்சடிக்குப் போச்சு. பின்னாடி வரிசையில எட்டுப் பேர். நானும் தலையை ஆட்டிட்டு, என் பச்சடியை மட்டும் வேண்டாம்னுட்டு வந்துட்டேன்.