கம்பாலாவிலிருந்து பெல்கிரேவ் சாலைக்கு: லெஸ்டர் நகரில் குஜராத்தி வணிகம்

உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்த ஆசியர்களை நோக்கி, 'லெஸ்டருக்கு வராதீர்கள்' என்ற பொருளில் 1972 செப்டம்பரில் 'உகாண்டா ஆர்கஸ்' நாளிதழில் ஒரு விளம்பரம் வெளியானது. கொடுத்தது இங்கிலாந்தின் லெஸ்டர் மாநகராட்சி. நகரில் வீடு கிடைக்காது, பள்ளிகளில் இடமில்லை என்பது அதன் சாரம். பின்னாளில் அதே நகரின் பெல்கிரேவ் சாலை நகைக்கடை, சேலைக்கடை, மிட்டாய்க்கடைகளால் நிறைந்து 'கோல்டன் மைல்' என்று பெயர் பெற்றது. வியாபாரம் குஜராத்திகளின் ரத்தத்திலேயே ஊறியது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் மற்ற வழிகள் அடைபட்டபோதெல்லாம்தான் அவர்கள் கடை பக்கம் தள்ளப்பட்டார்கள் என்பதையே நிகழ்ச்சிகளின் வரிசை காட்டுகிறது.

உகாண்டாவில்

மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை 1896 முதல் 1901 வரை ரயில் பாதை போடப்பட்டது. அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து சுமார் 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். வேலை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டனர். பின்னர் அங்கே கடை வைத்தவர்களில் பலர் குஜராத்திலிருந்து சொந்தச் செலவில் கப்பலேறியவர்கள். கட்ச் பகுதியிலிருந்து சிறுவனாகச் சான்சிபாருக்குப் போன அலிதினா விஸ்ராம், ரயில் பாதையை ஒட்டி ஊருக்கு ஊர் கிளை திறந்தார். உப்பு, சர்க்கரை, துணி, மண்ணெண்ணெய் விற்பது, விவசாயிகளிடம் பருத்தி வாங்குவது என்று கடைகள் உட்பகுதிவரை பரவின.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியர் நிலம் வாங்கக் கட்டுப்பாடுகள் இருந்தன. உயர் பதவிகள் வெள்ளையருக்கே. மிஞ்சியது வணிகம். மேலே ஆட்சியாளர், கீழே உழவர், நடுவில் கடைக்காரர் என்ற அமைப்பில் உழவரின் கோபம் கடைக்காரர்மீதே முதலில் விழுந்தது. 1959இல் உகாண்டாவின் புகாண்டா பகுதியில் ஆசியர் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் நடந்தது. இத்தகைய சமூகங்களை 'இடைநிலைச் சிறுபான்மையினர்' என்று வகைப்படுத்தி, சமூகவியலாளர் ஈட்னா போனாசிச் 1973இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே உகாண்டாவின் நடுத்தட்டு அகற்றப்பட்டிருந்தது.

முதலில் ஆலை

1972 ஆகஸ்டில் ஆசியர்கள் வெளியேற உகாண்டா அதிபர் இடி அமீன் 90 நாள் கெடு விதித்தார். பிரிட்டனுக்கு வந்தவர்கள் சுமார் 28,000 பேர். குடும்பத்துக்கு ஐம்பது பவுண்டு சொச்சம் மட்டுமே எடுத்துவர முடிந்தது. கடை போட அது காணாது. கூட்டம் மிகுந்த நகரங்களைத் தவிர்க்கும்படி அரசின் மறுகுடியமர்த்தல் வாரியம் அறிவுறுத்தியது. அந்தப் பட்டியலில் லெஸ்டரும் இருந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே போனார்கள். கென்யாவிலிருந்து 1960களின் இறுதியில் வந்த உறவினர்கள் அங்கே இருந்தார்கள். பின்னலாடை, காலணி ஆலைகளில் பெண்களுக்கும் வேலை கிடைத்தது.

கம்பாலாவில் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் லெஸ்டரில் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். இம்பீரியல் தட்டச்சு இயந்திர ஆலையில் 1974 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. நாளொன்றுக்கு 168 உருப்படிகளைத் தாண்டினால் ஊக்கத்தொகை என்பது ஒப்பந்தம், ஆனால் 200ஐத் தாண்டினால்தான் தருகிறார்கள் என்பது ஆசியத் தொழிலாளர்களின் புகார். அவர்கள் சந்தா கட்டிய தொழிற்சங்கமே துணை நிற்கவில்லை. போராட்டம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. மறு ஆண்டே ஆலை மூடப்பட்டது. 1976 லெஸ்டர் மாநகராட்சித் தேர்தலில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான நேஷனல் ஃபிரன்ட் சுமார் 18 சதவீத வாக்குகளைப் பெற்றது.

பிறகு கடை

ஆலை வேலை நிலையில்லாமல் போன இந்த ஆண்டுகளில்தான் பெல்கிரேவ் சாலையில் கடைகள் பெருகின. முதலீடு, குடும்பத்தில் நாலைந்து பேரின் கூலிச் சேமிப்பும் உறவினரிடம் வாங்கிய கைமாற்றும். வாங்குபவர்கள் பக்கத்துத் தெருக்களிலேயே இருந்தார்கள். ஆங்கிலேயர் நகைக்கடைகளில் பெரும்பாலும் 9 காரட்; கல்யாணத்துக்கு 22 காரட் வேண்டும். வெந்தயக்கீரை, கோவைக்காய், கொத்தவரங்காய் வேறெங்கும் கிடைக்காது. இந்தச் சரக்கில் வெளிக் கடைகளின் போட்டி இல்லை. கடன் கணக்கு, மொத்தக் கொள்முதல் பற்றிய உகாண்டா அனுபவம் இங்கே கைகொடுத்தது. எனவே சமூகத்தின் திறமைக்கும் பங்கு உண்டு. அதைப் பயன்படுத்தும் கட்டாயத்தை உண்டாக்கியது வேலைச் சந்தை.

1983 முதல் இந்தச் சாலையில் தீபாவளிக்கு விளக்கு அலங்காரம் நடக்கிறது. வர வேண்டாம் என்று விளம்பரம் கொடுத்த மாநகராட்சி இப்போது அவ்விழாவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விளம்பரப்படுத்துகிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தாரில் 43 சதவீதத்தினர் ஆசியர்.

இந்த வளர்ச்சியின் பலன் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை. பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் திறக்க 1994இல் சட்டம் வழிவிட்டதும், விடுமுறை நாளிலும் திறந்திருப்பதையே பலமாகக் கொண்ட தெருமுனைக் கடைகள் நெருக்கடிக்கு உள்ளாயின. பெரிய பின்னலாடை ஆலைகள் நலிந்த இடத்தில் சின்னத் தையல் பட்டறைகள் முளைத்தன; அவற்றில் பலவற்றின் முதலாளிகளும் தெற்காசியர், தொழிலாளர்களும் தெற்காசியர். 2020 கொரோனா முடக்கத்தின்போது சில பட்டறைகளில் மணிக்கு 3.50 பவுண்டு கூலி தரப்படுவதாகச் செய்திகள் வந்தன. 25 வயதை எட்டியவர்களுக்கு அப்போது சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 8.72 பவுண்டு. அந்தத் தையல் மேசைகளில் இருந்தவர்களில் பலர் ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரியாத, புதிதாகக் குடியேறியவர்கள். வேறு வேலை கிடைப்பது அவர்களுக்கு அரிதாகவே இருந்தது.