மாலினிக்குச் சொன்னது

என் மகளுக்கு 15 வயது. லண்டனில் பிறந்தவள். தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் கைபேசியை என்னிடம் நீட்டி, "அப்பா, இந்தப் பையன் என்னைச் சொல்றானா, படத்தைச் சொல்றானா?" என்று கேட்டாள். உடன் படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவன் ஒரு சிறு காணொளி அனுப்பியிருந்தான். சூர்யா, சிம்ரனிடம் "ஹாய் மாலினி, ஐ ஆம் கிருஷ்ணன்" என்று தொடங்கும் காட்சி.

கௌதம் மேனனின் 'வாரணம் ஆயிரம்' 2008 நவம்பரில் வெளியானது. முதுகலை முடித்து, ஈஸ்ட் ஹாமில் நால்வராக ஒரே வீட்டில் இருந்தோம். அந்த வசனத்தை நாங்கள் எந்தப் பெண்ணிடமும் சொன்னதில்லை. சமையலறையில் "ஹாய் பிரியாணி, ஐ ஆம் குமார்" என்று சட்டியைப் பார்த்துச் சொல்லிச் சிரித்ததோடு சரி. மீம் என்ற சொல்லை அப்போது நாங்கள் புழங்கவில்லை. ஆனால் செய்தது அதைத்தான். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் அந்தச் சொல்லை உருவாக்கியபோது, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்து பரவும் எதையும் அது குறித்தது: மெட்டு, உடை, சொலவடை.

என் தொழிலில் இதை டெம்ப்ளேட் என்போம். இரண்டு பெயர்களை மாற்றினால் போதும், மீதி அப்படியே ஓடும். பாதி ஆங்கிலம் என்பதால் தமிழ் எழுத்தறியாத பிள்ளைகளுக்கும் நாக்கில் நிற்கிறது. 2014 இறுதியில் பெர்லினிலிருந்து டப்ஸ்மாஷ் செயலி வந்தது. நடிகரின் குரலுக்கு யார் வேண்டுமானாலும் வாயசைக்கலாம் என்றானது. 2020இல் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட, அந்த இடத்தை ரீல்ஸ் பிடித்துக்கொண்டது. வடிவேலுவின் மீம்களுக்கு முகம் போதும். காதல் வசனத்துக்குக் குரலும் வேண்டும். அந்தக் குரலைத்தான் இச்செயலிகள் இரவல் கொடுத்தன.

இரவல் குரலில் ஒரு வசதி உண்டு. அவள் சிரித்தால் காதல். முறைத்தால், "சும்மா, மீம்தான்" என்று நழுவிவிடலாம். கூச்சமுள்ள பையனுக்கு அது துணை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 20 வயதில் எனக்கும் தேவைப்பட்டிருக்கும். ஆனால் கேட்பவளுக்கு நழுவ வழியில்லை. பதில் சொன்னால் வேடிக்கையைக் கெடுத்தவள்; சொல்லாவிட்டால் சம்மதித்தவள். என் மகளின் கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

இரவல் வாங்குவது புதிதல்ல. படத்திலேயே அது மறுகூற்றுதான். தந்தை இறந்த செய்தி கேட்ட மகன், அவர் அம்மாவிடம் காதலைச் சொன்ன கதையை நினைத்துப் பார்க்கிறான். படத்தின் தலைப்போ ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலிருந்து எடுத்தது.

இன்னும் பின்னே போனால் குறுந்தொகையின் 40ஆம் பாடல். செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாகச் சொன்ன அந்தப் புலவரின் இயற்பெயர் மறைந்து, உவமையே பெயராகி, செம்புலப்பெயனீரார் ஆனார். ஆளை விழுங்கி வாழ்ந்த சொற்றொடர் அது. 1997இல் 'இருவர்' படப் பாட்டில் அதன் சாயல் வந்தது. 'சகா' படத்துக்காகச் சிங்கப்பூர் இசையமைப்பாளர் ஷபீர் அதற்கு மெட்டமைத்தபோது யூடியூபில் பரவியது. 2001இல், ஏ. கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பில், லண்டன் பாதாள ரயில்களிலும் அது இடம்பெற்றது.

ஆனால் ஒரு வேறுபாடு. அந்தப் பாடலின் துறைக்குறிப்பைப் படித்தால் தெரியும்: கூடிய பின் இவன் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டுதான் அவன் பேசுகிறான். அந்தப் பேச்சு அவளுடைய பயத்துக்குப் பதில். இனிப் பிரிவில்லை என்கிற வாக்கு. நாம் பாடலைத் திருமண அழைப்பிதழ்களில் அச்சிட்டு, அந்தப் பயத்தை மறந்துவிட்டோம்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பாதியிலேயே அவளுக்குக் கொட்டாவி வந்தது. செம்மண் என்றால் என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள். பிறகு அந்தப் பையனுக்குக் குரல் பதிவாக, தமிழிலேயே பதில் அனுப்பினாள்:

"நான் மாலினி இல்லை. ஏதாவது சொல்லணும்னா நீயே சொல்லு."

இரண்டு நாள் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. என்னவென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.