கராஜும் குடியிருப்பறையும்: குறிஞ்சாக்கேணி வரை வந்த ஒரு சட்டவிதி

வீட்டோடு சேர்ந்த கராஜைச் சுவரெழுப்பி அறையாக்குவதை இலங்கையில் ஆளும் அடிப்படை விதி, சொந்தக் கார் அரிதாக இருந்த காலத்திலேயே, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு கொழும்பில் பிளேக் நோய் தோன்றியிருந்தது. 'தோட்டம்' எனப்பட்ட நெருக்கமான வரிசை வீடுகளில் காற்றும் வெளிச்சமும் வடிகாலும் இல்லாமை ஆட்சியாளரின் கவலையாயிருந்த அச்சூழலில், மனிதர் வாழ்வதற்கென முதலில் கட்டப்படாத கட்டடத்தைக் குடியிருப்பாக்குவதையும் அச்சட்டம் 'மாற்றவேலை' என்னும் வகைக்குள் அடக்கி, உள்ளூராட்சி மன்றத் தவிசாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அதைச் செய்யலாகாது என விதித்தது. அதில் இடம்பெற்ற 63½ பாகை ஒளிக்கோணம், அதாவது கட்டடத்தின் உயரம் அதனருகே விடப்படும் திறந்த வெளியின் அகலத்தைப்போல் இரு மடங்களவைத் தாண்டலாகாது என்ற கணக்கு, பம்பாயின் 'சாள்' எனப்பட்ட நெரிசலான பலகுடி வாடகைக் கட்டடங்களை முன்வைத்தும் அக்காலத்தில் பேசப்பட்டதே.

கொழும்புக்காகச் சமைத்த இவ்விதி, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களில் முற்றிலும் வேறான ஒரு தேவையை எதிர்கொள்கிறது. கிழக்குக் கரையின் முஸ்லிம்களிடையிலும் தமிழரிடையிலும் மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டில் வந்து குடியேறுவதும் வழக்கமாதலால், வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்த பெற்றோர், இளைய பிள்ளைகளோடு அதே வளவில் சிறு கட்டடமொன்றுக்கு ஒதுங்குவதும் உண்டு. அத்தகைய புறக்கட்டடங்களின் வரிசையில் கராஜ் மிகப் பிந்தியே வந்து சேர்ந்தது. 2004இன் ஆழிப்பேரலை கிண்ணியாக் கரையைக் கடுமையாகத் தாக்கியபின், வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் (தெற்கில் இது 100 மீற்றர்தான்) வீடுகளை மீளக் கட்டுவதை அரசு தடுத்து, பின்னர் அத்தடையைத் தளர்த்தியது. கரையோரத்தில் நிலம் இவ்வாறு நிச்சயமற்றதாகும்போது, இருக்கும் வளவுக்குள் ஓர் அறையைக் கூட்டிக்கொள்வதே மலிவானது.

கராஜ் அறையாகும்போது வெளியேற்றப்படும் வாகனத்தைப் பற்றி 1915இன் சட்டத்துக்கு அக்கறையில்லை. 1978இன் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகாரசபை, 1986இல் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளை வெளியிட்டபோது, நகர அபிவிருத்திப் பகுதியெனப் பிரகடனமான இடங்களில் வாகனத் தரிப்பிடமும் அனுமதிக் கணக்கில் ஏறியது. 1915இன் விதியும் அதனோடு தொடர்ந்தது. புதிதாகக் கட்டிய கட்டடத்தில், அது சட்டத்துக்கு அமைவாகக் கட்டப்பட்டதென உறுதிசெய்யும் இணக்கச் சான்றிதழைத் தவிசாளர் வழங்கும்வரை எவரும் குடியிருக்கலாகாது என்கிறது 1915இன் சட்டம். காவலாளி ஒருவருக்கு மட்டும் அது விலக்களிக்கிறது.