குறுக்கீடும் அதற்கென ஓர் அடுக்கும்

கணனி தான் செய்துகொண்டிருக்கும் பணியை இடைநிறுத்தி, வெளிக்கருவியொன்றின் அழைப்புக்குச் செவிசாய்த்து, பின்னர் விட்ட இடத்திலிருந்தே தொடர்வதற்கு வழிசெய்வது குறுக்கீடு. இவ்வசதி தொடக்கத்தில் அச்சத்துடனேயே நோக்கப்பட்டது. ஒல்லாந்தரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1950களின் பிற்பகுதியில் எக்ஸ்-1 என்னும் கணனிக்குக் குறுக்கீட்டைக் கையாளும் நிரலை எழுதவேண்டி நேர்ந்தபோது பெரிதும் தயங்கினார். குறுக்கீடு எக்கணத்தில் வருமென எவராலும் கூறவியலாது. ஆதலால், ஒருமுறை நேர்ந்த பிழையை மீண்டும் நேரச்செய்து ஆராய்வதும் அரிது. அந்நிரலே அவரது 1959ஆம் ஆண்டுக் கலாநிதிப்பட்ட ஆய்வுக்குப் பொருளாயிற்று.

விட்ட இடத்தை எங்கே குறித்துவைப்பது? 1970இல் வெளிவந்த பீ.டீ.பீ.-11 அக்குறிப்பை 'அடுக்கு' எனப்படும் நினைவகப் பகுதியின் உச்சியில் வைத்தது. இறுதியில் வைத்ததே முதலில் எடுக்கப்படுமாதலால், குறுக்கீட்டினுள் குறுக்கீடு வரினும் ஒழுங்கு குலையாது. ஆயின், அவ்வடுக்கு யாருடையது என்பதே சிக்கல். யுனிக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைகளில், அவ்வேளை இயங்கிக்கொண்டிருந்த செயலின் அடுக்கையே குறுக்கீடு இரவல் பெற்றது. அது நிரம்பி வழிந்தால் அயலிலுள்ள தரவுகள் அழியும். கேடோ வேறோரிடத்தில், வேறொரு வேளையில் வெளிப்படும். மலைநாட்டில் பெய்த மழை களனி வழியே வந்து மட்டக்குளியில் வெள்ளமாவதை ஒத்தது இது.

1977இன் வாக்ஸ் கணனி குறுக்கீடுகளுக்கெனத் தனியடுக்கை வழங்கியது. அவ்வடுக்கே செல்லாததானால் முறைவழியாக்கி நின்றுவிடும். தவறாக இயங்குவதிலும் நின்றுவிடுதல் மேல் என வடிவமைத்தோர் கருதினர் போலும்.

லினக்ஸ் இதனைப் பிந்தியே மேற்கொண்டது. இன்டெலின் 32-பிட் கணனிகளில், 8 கிலோபைற்று அடுக்கொன்றைச் செயலும் குறுக்கீடும் நெடுங்காலம் பகிர்ந்துகொண்டன. 2004இல் அதனை 4 கிலோபைற்றாகச் சுருக்க முனைந்தபோதே குறுக்கீட்டுக்குத் தனியடுக்குக் கிடைத்தது. பாதுகாப்பைவிடச் சிக்கனமே இங்கு உந்துதலாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. சுருங்கிய அடுக்குப் போதாதென 2010இல் கைவிடப்பட்டது, தனியடுக்கோ நிலைத்தது.

தனியடுக்கும் முழுக்காப்பன்று. 64-பிட் இன்டெல் கணனிகளில், தடுக்கவியலாக் குறுக்கீடு வருந்தோறும் முறைவழியாக்கி அதற்குரிய அடுக்கின் ஒரே தொடக்கவிடத்துக்கே செல்லும். அதனைக் கையாளும் நிரல் முடியுமுன் இடையே வேறொரு தவறு நேர்ந்து மீளுமாயின், இரண்டாவது குறுக்கீட்டுக்கும் வழி திறந்துவிடும். அது முன்னதன் குறிப்பை அழித்தெழுதும். ஸ்டீவன் ரொஸ்டெட் எழுதிய திருத்தம், குறிப்பைப் பிரதிசெய்து காத்து இதனை நீக்கிற்று. 2016இல் வெளியான லினக்ஸ் 4.9, அக்கணனிகளில் செயலடுக்கின் எல்லையில் வெற்றுக் காவற்பக்கமொன்றை அமைக்க வழிசெய்தது. வழிந்த அடுக்கு அயலை அழிக்குமுன், வழிந்த கணத்திலேயே பிடிபடலாயிற்று.