டிபிடி உண்மையிலேயே வேலை செய்யுதா? ஒரு சிகிச்சையின் வரலாறு

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த எபிசோடில் தற்கொலை முயற்சி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றியெல்லாம் வரும். இன்னிக்கு அதைக் கேட்கிற மனநிலை இல்லைன்னா, தாராளமா இன்னொரு நாள் கேளுங்க.

‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்’. இன்ஸ்டாகிராமில் இந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க. பார்டர்லைன்னா எல்லைக்கோடு. எதுக்கும் எதுக்கும் நடுவில் எல்லை? 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்கிற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் இந்தச் சொல்லைத் தன் நோயாளிகள் சிலருக்குப் பயன்படுத்தினார். அந்தக் காலத்தில் மனநோய்களை இரண்டு பெட்டிகளில் போடுவார்கள். பதற்றம், பயம் மாதிரியானவை நியூரோசிஸ். நிஜ உலகத்தோடு தொடர்பே அறுந்துபோவது சைக்கோசிஸ். இந்த இரண்டிலும் சேராதவர்கள், வழக்கமான சிகிச்சைக்கு ஒத்துவராதவர்கள், எல்லைக்கோட்டில் நின்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது 1980-இல்தான்.

இந்த நோய் இருக்கிறவங்களுக்கு உணர்ச்சி சட்டுனு பொங்கும், அடங்க ரொம்ப நேரமாகும். ‘என்னை விட்டுட்டுப் போயிடுவாங்களோ’ என்கிற பயம் விடாது. உறவுகள் ஒரு நாள் சொர்க்கம், மறுநாள் நரகம். பலர் தங்களைக் காயப்படுத்திக்கொள்வார்கள், சிலர் திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயல்வார்கள். சிகிச்சை தரும் பலர் இவங்களை ‘கஷ்டமான கேஸ்’ என்று ஒதுக்கினார்கள். கைவிடப்படுவோமோ என்று பயந்தவர்களை மருத்துவமே கைவிட்டது.

இங்கேதான் மார்ஷா லைனஹன் வருகிறார். 1943-இல் ஓக்லஹோமாவின் டல்ஸாவில் பிறந்தவர். 1977-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளராகச் சேர்ந்தார். மத்தவங்க பார்க்கத் தயங்கிய நோயாளிகளைத்தான் அவர் தேடிப் போனார். ஏன் என்பது 2011-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 17 வயதில், 1961-இல், ஹார்ட்ஃபோர்டின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் லிவிங்’ மனநல மருத்துவமனையில் அவரே நோயாளியாக இருந்திருக்கிறார். ஸ்கிசோஃப்ரினியா என்று முடிவு செய்து, மாத்திரை, மின் அதிர்ச்சி, தனியறை என்று இரண்டு வருஷத்துக்கும் மேல் அங்கே வைத்திருந்தார்கள். அந்த உண்மையை அவர் அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், அங்கே கூடியிருந்தவர்கள் முன்னால் சொன்னார்.

சரி, அவர் என்ன செய்தார்? முதலில் வழக்கமான நடத்தைச் சிகிச்சையை முயன்றார். ‘இதை மாத்து, அதை மாத்து’ என்பது அதன் அடிப்படை. நோயாளிகள் காதில் அது ‘எல்லாத் தப்பும் உன்மேலதான்’ என்று விழுந்தது. சரின்னு அப்படியே ஏற்றுக்கொள்கிற பக்கம் போனால், ‘அப்போ என் வலி மாறவே மாறாதா?’ என்று கொதித்தார்கள். ஆக இரண்டும் ஒரே நேரத்தில் வேணும். நீ இருக்கிற நிலைக்கு நியாயமான காரணம் இருக்கு. அதே சமயம் நீ மாறியாகணும். முரண்பட்ட இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற இந்த நிலைக்குப் பெயர் டயலெக்டிக்ஸ். மார்க்சியப் புத்தகம் படிச்சவங்களுக்கு ‘இயங்கியல்’ என்று சொன்னால் புரியும். ஏற்றுக்கொள்கிற பாதியை லைனஹன் ஜென் தியானத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அதுதான் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமா டிபிடி.

முழு டிபிடியில் நாலு பகுதி. வாராவாரம் தெரபிஸ்ட்டோடு தனிச் சந்திப்பு, வாராவாரம் குழுவாக ஒரு திறன் வகுப்பு, நெருக்கடி நேரத்தில் தொலைபேசி உதவி, தெரபிஸ்ட்டுகள் தங்களுக்குள் கூடிப் பேச ஒரு குழு. வகுப்பில் சொல்லித்தருவதும் நாலு: கவனத்தை இந்த நொடியில் வைப்பது, வேதனையை மோசமாக்காமல் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் தனக்கு வேண்டியதைக் கேட்பது. ப்ளூ டிக் விழுந்து மூணு மணி நேரமாச்சு, பதில் இல்லை. ‘என்னை வெறுக்கிறான்’ என்று மனசு சொல்லுது. அந்த இடத்தில் நின்று, எனக்கு நிஜமாத் தெரிஞ்சது எது, நானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரிச்சுப் பார்ப்பதும் இந்தப் பயிற்சியில் ஒன்று.

இப்போ முக்கியமான கேள்வி. வேலை செய்யுதா?

1991-இல் லைனஹனின் முதல் ஆய்வு வந்தது. சின்ன ஆய்வுதான். ஒரு வருஷம் டிபிடி பெற்ற பெண்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாகத் தங்களைக் காயப்படுத்திக்கொண்டார்கள், மருத்துவமனையில் குறைந்த நாட்கள் இருந்தார்கள், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் குறைவு. ஆனால் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது உயிர் தப்பியது, துக்கம் இன்னும் இருந்தது.

வழக்கமான சிகிச்சைன்னா அது எப்படி வேணும்னாலும் இருக்கலாமே, அதைத் தோற்கடிப்பது பெரிய விஷயமா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் 2006-இல் வந்த ஆய்வில், அனுபவமுள்ள நிபுணர்களின் சிகிச்சையோடு டிபிடியை ஒப்பிட்டார்கள். 101 பெண்கள், ஒரு வருஷச் சிகிச்சை, இன்னொரு வருஷக் கண்காணிப்பு. தற்கொலைக்கு முயன்றவர்கள் டிபிடி குழுவில் 23 சதவீதம், மற்றதில் 46. ஏறக்குறைய பாதி.

இங்கேயே முடிச்சிருந்தால் இது வெற்றிக்கதை. ஆனால் 2009-இல் கனடாவின் டொரான்டோவிலிருந்து ஒரு முடிவு வந்தது. 180 பேர். பாதிப் பேருக்கு டிபிடி. மீதிப் பேருக்கு, இந்த நோயைப் புரிந்த மனநல மருத்துவர்கள் தந்த ஒழுங்கான, திட்டமிட்ட சிகிச்சை. இரண்டு குழுவுமே நன்றாகத் தேறினார்கள். குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. 2015-இல் லைனஹனின் குழுவே டிபிடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தது. காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பதில் திறன் வகுப்பு இருந்த சிகிச்சைகளே மேலாக இருந்தன. 2020-இல் காக்ரேன் அமைப்பு 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: டிபிடி உதவுகிறது, ஆனால் ஆதாரத்தின் தரம் இன்னும் உறுதியாக இல்லை.

இதையெல்லாம் வைத்து நான் எங்கே நிற்கிறேன்? டிபிடி வேலை செய்யுது, குறிப்பா உயிரைக் காப்பதில். அதுக்கு மட்டும்தான் அந்தச் சக்தி என்று சொல்ல முடியாது. டொரான்டோ முடிவை டிபிடியின் தோல்வியாக நான் பார்க்கலை. வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒரு வருஷம், பயிற்சி பெற்ற ஒரு குழு. இதெல்லாம் எத்தனை ஊரில் கிடைக்கும், எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? அது கிடைக்காதவர்களுக்கும், நோயைப் புரிந்துகொண்ட, திட்டத்தோடு வேலை செய்கிற, நடுவில் கைவிடாத மருத்துவர் ஒருவர் கிடைத்தால் தேற முடியும் என்று அந்த 180 பேர் காட்டியிருக்காங்க. ‘இவங்களைச் சரிபண்ணவே முடியாது’ என்கிற பழைய தீர்ப்பு தப்பு என்பதில் மட்டும் எந்த ஆய்வும் மாறுபடவில்லை.

நீங்களோ உங்களுக்குத் தெரிஞ்சவங்களோ நெருக்கடியில் இருந்தா, டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.