கூரையும் காற்றும்

அமெரிக்க தேசத்தில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும் வழக்கம் தீயின் பயத்தால் பிறந்ததேயன்றிக் காற்றின் பயத்தால் பிறந்ததன்று. 1666-இல் லண்டன் மாநகரம் எரிந்து சாம்பலான பிறகு, நிக்கோலஸ் பார்பன் என்பவர் அந்நகரத்து வீடுகளுக்குத் தீக் காப்பு விற்கத் தொடங்கினார். அந்த வியாபாரமே கடல் கடந்து, 1752-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் முதலியோர் பிலடெல்பியாவில் கூடி நிறுவிய பரஸ்பர சங்கமாக வேரூன்றியது. வாசலில் மரம் நின்றால் தீயணைக்க வருவோருக்கு இடைஞ்சல் என்று கருதி, மரமுள்ள வீடுகளை ஏற்பதில்லை என்று சங்கத்தார் பிற்பாடு தீர்மானிக்க, மரத்தை வெட்ட மனம் வராதவர்கள் 1784-இல் பிரிந்துபோய்ப் பச்சை மரத்தையே முத்திரையாகக் கொண்டு வேறொரு சங்கம் கண்டார்கள். அந்த மரம் காற்றில் சாய்ந்து கூரையைப் பிளந்தால் என்செய்வது என்பது அன்றைய வழக்கில் விஷயமே அல்ல.

காற்று அந்தப் பத்திரத்துக்குள் நுழைந்தது விருந்தாளியாகத்தான். இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில், தீக் காப்புப் பத்திரத்தோடு ஓர் அநுபந்தத்தை ஒட்டி, புயல், ஆலங்கட்டி, கலகம், புகை, விமானம் வந்து விழுதல் ஆகியவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கும் முறை பரவியது. 1938 செப்டம்பர் 21 அன்று நியூ இங்கிலாந்து மாகாணங்களைச் சூறையாடிய புயல், கூரை பறப்பது தென்கோடிக் கடற்கரையாரின் விதி மட்டுமன்று என்பதை வடக்கத்தியாருக்கும் உணர்த்திற்று. 1950-இல் பழைய கம்பெனியொன்று தீ, காற்று, திருட்டு, பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான பொறுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே பாலிசியில் அடக்கி விற்றபோது, இன்று அமெரிக்க இல்லறத்தார் அறிந்த வீட்டுப் பாலிசி உருவாயிற்று.

வெள்ளம் மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதை ஏற்கத் தனியார் கம்பெனிகள் துணியாமையால், 1968-இல் மத்திய சர்க்காரே வெள்ளத்துக்கென்று ஒரு காப்புத் திட்டத்தை ஏற்படுத்தியது. ஆகவே காற்று தனியாருடையது, தண்ணீர் சர்க்காருடையது என்று ஒரு பாகப்பிரிவினை காகிதத்தில் நிகழ்ந்துவிட்டது. புயலோ கூட்டுக் குடும்பமாகவே வந்துகொண்டிருந்தது.

1992 ஆகஸ்ட் 24 அன்று புளோரிடாவின் தென்முனையைத் தாக்கிய ஆண்ட்ரூ புயல், கூரையைப் பற்றிய நம்பிக்கைகளை முதலில் பெயர்த்தெறிந்தது. கூரைப் பலகையில் அடித்த ஆணிகள் அடியிலிருந்த சட்டங்களில் இறங்காமல் பக்கத்து வெற்றிடத்தில் தொங்கிய வீடுகளையும், ஆணிக்குப் பதிலாக ஸ்டேபிள் கம்பியைக் குத்தி வேலையை முடித்திருந்த வீடுகளையும் பரிசோதகர்கள் கண்டார்கள். கடுமையானது என்று பெயர் பெற்ற கட்டட விதி ஏட்டில் இருந்ததே தவிர ஏணியில் ஏறவில்லை! பதினொரு கம்பெனிகள் திவாலாயின. மிஞ்சியவை புயல் நஷ்டத்தில் வீட்டுக்காரர் ஏற்க வேண்டிய முதற்பங்கைச் சிறு தொகையாக வைப்பதை விட்டுச் சதவீதமாக மாற்றின; மூன்று லட்சம் டாலருக்குக் காப்பிட்ட வீட்டில் இரண்டு சதவீதம் என்றால், முதல் ஆறாயிரம் டாலர் வீட்டுக்காரரின் தலையில்.

பாகப்பிரிவினையின் விபரீதம் முற்றிலும் வெளிப்பட்டது 2005 ஆகஸ்ட் 29 அன்று வந்த கத்ரீனா புயலில். மிஸிஸிப்பிக் கடற்கரையில் பல வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்ட் தளம் மட்டுமே எஞ்சியது. கூரை நின்றிருந்தால், பெயர்ந்த ஓடுகள் காற்றுக்கும் சுவரில் படிந்த நீர்க்கறை வெள்ளத்துக்கும் சாட்சி சொல்லும். சாட்சிகள் அனைத்தும் கடலில் கலந்த இடத்தில் யார் எதை நிரூபிப்பது? அலை வருவதற்குப் பல மணி நேரம் முன்பே காற்று வீட்டை உடைத்துவிட்டது என்று உடைமையாளர்களும், வந்தது வெள்ளமே என்று கம்பெனிகளும் வாதாடினார்கள். காற்றோடு நீரும் சேர்ந்து கெடுத்திருந்தால் காற்றின் பங்குக்கும் ஈடு இல்லை என்ற நுட்பமான ஷரத்து ஒன்றைப் பற்றி நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்புரைத்தன. பாஸ்ககூலாவில் வீட்டை இழந்த செனட்டர் டிரென்ட் லாட் என்பவரே தம் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்துப் பின்னர் சமரசமானார். சட்டம் இயற்றும் சபையில் அமர்ந்திருந்தவருக்கே இக்கதி என்றால், சாமானியரின் அலைச்சலைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த அலைச்சலுக்கும் ஒரு சம்பிரதாயம் படிந்துவிட்டது. புயல் ஓய்ந்ததும் உடைந்த இடத்தைப் படமெடுத்துவிட்டுத் தார்ப்பாயால் மூட வேண்டும். மூடாமல் விட்டு, பின்பு பெய்த மழையில் உட்கூரை ஊறினால் அந்த நஷ்டம் அஜாக்கிரதையின் கணக்கில் போய்விடும். சர்க்காரின் ராணுவப் பொறியாளர்களே நீலப் பாய் விரித்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டாகி, பெரும்புயலுக்குப் பின் விமானத்திலிருந்து காண்போருக்கு ஊரே நீலமாகத் தெரியும். அப்புறம் மதிப்பீட்டாளர் ஏணியோடு வருவார். ஆலங்கட்டி பெய்த கூரையானால், ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரமொன்றைச் சாக்கட்டியால் வரைந்து, அதற்குள் விழுந்த தழும்புகளை எண்ணுவார். கூரையின் வயதையும் கேட்பார். தேய்மானம் கழித்து ஈடு தரும் பாலிசியில், இருபது ஆண்டு உழைக்குமென்று கருதிய ஓடு பத்தாம் ஆண்டில் பறந்தால் ஏறக்குறைய பாதி விலையே கிடைக்கும். வீட்டுக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த மழைக்குச் சாக்கட்டிக் கோடு அழிந்துவிடும், மதிப்பீட்டாளர் எழுதிய எண்ணிக்கை மட்டும் கோப்பில் இருக்கும்.